வியன்னா மெட்ரோ, டிராம் பாஸ் ஆன்லைனில் வாங்கப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்! 312 யூரோ போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதத் தோன்றிவிடும்.

வியன்னாவில் எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து 312 யூரோ போனது. பிக்பாக்கெட் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு மியூசியம் டிக்கெட், பயண பாஸ் எல்லாம் விற்கும் ஓர் இணையதளம். பெயர் போட மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வாங்கும் தெம்பு இப்போது இல்லை. தேடினால் முதலில் விளம்பரமாக வந்து நிற்கும் ரகம்.

வாங்கும் முன் சாட்டில் தெளிவாகவே கேட்டேன்: "இதை மெட்ரோவிலும் டிராமிலும் அப்படியே காட்டலாமா, எங்காவது போய் மாற்ற வேண்டுமா?" நொடியில் பதில்: "போனில் காட்டினாலே போதும். இனிய பயணம்!" கூடவே ஒரு பூ எமோஜி. இதற்கு மேல் ஒரு மனுஷன் எதை விசாரிப்பது? பணம் கட்டினேன், க்யூஆர் கோடு போட்ட பிடிஎஃப் வந்தது.

வியன்னா மெட்ரோவில் நுழைவு கேட் கிடையாது. "என்னடா, கேட்டே இல்ல, அப்புறம் டிக்கெட்டை யார்கிட்ட காட்டுறது?" என்று அம்மாகூடக் கேட்டார். அதுதான் விஷயம். உங்கள் கையில் இருப்பது செல்லாத காகிதம் என்று எந்த இயந்திரமும் சொல்லாது. சாதாரண உடையில் பரிசோதகர் வந்து நிற்கும்போதுதான் தெரியும். இந்தத் தளத்தின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது.

எங்களுக்குத் தெரிந்தது ஷோட்டன்டோர் நிலையத்தில். பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டடத்துக்குப் பக்கத்தில், 1961-இல் திறந்த டிராம் நிலையம். 43, 44 எண் டிராம்கள் மேலே சாலை மட்டத்தில் வளைந்து திரும்பும். 37, 38, 40, 41, 42 தரைக்குக் கீழே இன்னொரு வளையத்தில். அங்கிருந்து இன்னும் இறங்கினால் யு2 மெட்ரோ, அது 1980-இல் வந்தது. உண்மையிலேயே அழகான இடம், கீழ்த்தளம் வரை வெளிச்சம் விழும். நகரின் ஓரத்தில் இருக்கும் கிரின்ட்சிங் பகுதியிலிருந்து 38-ஆம் எண் டிராமில் வந்து இறங்கி அம்மாவுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு பரிசோதகர்கள் அடையாள அட்டையோடு வந்தார்கள்.

அவர்களில் ஒரு பெண், க்யூஆர் கோடைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இது டிக்கெட் இல்லை, வவுச்சர். இதை விற்றவர்களின் அலுவலகத்தில் இதைக் கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும்." சாட்டைக் காட்டினேன். பொறுமையாகப் படித்தார், பிறகு அபராத ரசீது போட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அபராதம் ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல். அங்கேயே கார்டில் கட்டினேன். பாஸுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் 312 யூரோ. போகிற வருகிறவர்கள் எல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனார்கள், அதற்குக் கணக்கு கிடையாது.

அப்புறம் அந்த இணையதளத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்". அடுத்து அபராத ரசீதின் படம் கேட்டார்கள். அனுப்பினால், "அபராதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல". சரி, பாஸ் பணத்தையாவது கொடுங்கள் என்றால், "வவுச்சரின் தேதி முடிந்துவிட்டது". மாற்ற வேண்டும் என்று பிடிஎஃபின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதாம். சாட்டில் உங்கள் ஆள் நேர்மாறாகச் சொன்னாரே என்றேன். அதற்குப் பதிலே இல்லை, அடுத்த முறை வாங்க 10 சதவீதத் தள்ளுபடி கோடு வந்தது. தள்ளுபடியாம்!

இதே ஊரில் 2012-இலிருந்து 2025 வரை ஆண்டு பாஸ் 365 யூரோ. ஒரு வருஷம் முழுக்க எல்லா மெட்ரோவும் டிராமும் பஸ்ஸும். நாங்கள் சில நாள் சுற்றியதற்கு 312 யூரோ.

எங்கே, எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: மெட்ரோ நிலைய இயந்திரத்திலோ, நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் வீன்மொபில் செயலியிலோ, டிராஃபீக் என்று பலகை வைத்த புகையிலைக் கடைகளிலோ மட்டும் வாங்குங்கள். முத்திரை விழாத காகித டிக்கெட் என்றால் நீலப் பெட்டியில் செருகி முத்திரை போடாமல் ஏறாதீர்கள், அதற்கும் அபராதம் உண்டு. விமான நிலையம் நகர மண்டலத்துக்கு வெளியே, அதற்குத் தனியாகக் காசு. 'வவுச்சர்' என்ற வார்த்தை எங்கே கண்ணில் பட்டாலும் வாங்காதீர்கள்.

சாட் உரையாடலை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வங்கியில் புகார் கொடுக்கலாம் என்று இன்று என்னுடையதைத் திறந்தால், "இந்த உரையாடல் இப்போது இல்லை" என்று வருகிறது.