சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்கவா?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக விமானத்தில் இரண்டு வழி உண்டு. நேரே யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலியில் இறங்கலாம். அல்லது கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க வரை பறந்துவிட்டு, அங்கிருந்து தரை வழியாக வடக்கே திரும்பி வரலாம். இரண்டிலும் போய் வந்திருக்கிறேன்.

முதலில் தூரம். மூன்று விமான நிலையங்களும் 80 பாகை தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக அமைந்திருக்கின்றன. அதனால் அட்சரேகையைக் கழித்தாலே வான்தூரம் வந்துவிடும். பாகைக்கு 111 கி.மீ. மீனம்பாக்கம் 13, பலாலி 9.8. வித்தியாசம் 3.2 பாகை, சுமார் 355 கி.மீ. கட்டுநாயக்க 7.2. அதற்கு 5.8 பாகை, சுமார் 645 கி.மீ.

கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் பறக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றேகால் மணிக்குச் சற்று முன்பின்தான். பலாலியின் ஓடுபாதை குட்டை என்பதால் அங்கே போவது விசிறி வைத்த ஏடிஆர் விமானம். மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும். கொழும்புக்குப் போகும் ஜெட் 800-ஐத் தாண்டும். டிக்கெட்டில் நேரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாந்துவிடுகிறார்கள்.

கட்டுநாயக்கவில் இறங்கும்போது நாம் யாழ்ப்பாணத்தைத் தாண்டி 290 கி.மீ. தெற்கே வந்திருப்போம். சாலையில் திரும்பினால் அது 350-க்கும் மேல். அம்மாவை ஒருமுறை அப்படித்தான் கூட்டிப்போனேன். காலையில் இறங்கி, புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று வேன் உருண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தொட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மாவின் இரண்டு காலும் வீங்கி, செருப்பு உள்ளே போகவில்லை.

அடுத்த முறை பலாலி. ஏடிஆரில் பின்பக்கக் கதவோடு சேர்ந்த சின்னப் படிதான். அம்மா கைப்பிடியைப் பிடித்துத் தானே ஏறிவிட்டார். இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலில் கீழே எதுவும் மறைக்கவில்லை. கடல் முடிந்ததும் பனைகள் தெரிந்தன. இறங்கி அரை மணியில் யாழ்ப்பாணம் டவுன்.

இது புதிய பாதையும் அல்ல. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் மதராசுக்கு வந்தது. பின்னாளில் அறுந்துபோன அந்தத் தொடர்பு 2019-இல்தான் மறுபடி ஒட்டியது. கோவிட் காலத்தில் மீண்டும் நின்று, 2022 டிசம்பரில் தொடங்கியது.

சரி, கட்டுநாயக்க யாருக்கு? கண்டி, காலி பக்கமும் போகிறவர்களுக்கு அதுதான் சரி. ஒரு விமானம் தவறினால் அடுத்ததைப் பிடிக்கும் வசதியும் அங்கேதான் அதிகம். பலாலிக்கு விமானங்கள் குறைவு. தேதியை அதற்கேற்ப நாம்தான் வளைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணம் மட்டும்தான் போகிறீர்கள், கூடவே வயதானவர்களும் இருக்கிறார்கள் என்றால் நான் பலாலியைத்தான் சொல்வேன், டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும்.

அப்புறம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு வர வேண்டாம். 2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் வந்துவிட்டது. கோடு சாய்வாகப் போவதால் நம் கழித்தல் கணக்கு அங்கே ஒத்துவராது; ஆனால் தூரம் 185 கி.மீ. அளவுதான்.