வெட்டுவதா, பிரித்துச் சாப்பிடுவதா? கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இரண்டு வழிகள்

26-வது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறை கையை நீட்டி ரத்தம் கொடுத்தேன். எல்லைகள் இவை (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் சர்க்கரை என்ற கணக்கில்): வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரம் கழித்து 180, இரண்டு மணி நேரம் கழித்து 153. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்பது 2013-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுகோல். என் ஒரு மணி நேர அளவு 191. அன்று இரவே மாவுச்சத்து எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு. பயந்துபோன எல்லாரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள்.

மாவுச்சத்தை அடியோடு வெட்டினால் பலன் மறுநாளே மீட்டரில் தெரிந்துவிடும், அதை மறுக்க முடியாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு எல்லாமே 110-ஐத் தாண்டவில்லை. ஆனால் மூன்றாம் நாள் மாலை தலைவலி, சோர்வு, எரிச்சல். கர்ப்பிணியின் உடல் மற்றவர்களைவிடச் சீக்கிரமே பட்டினி நிலைக்குப் போய்விடும். கொழுப்பை எரித்துக் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருள்களை உண்டாக்கத் தொடங்கும். உள்ளே வளரும் குழந்தைக்கோ முக்கிய எரிபொருளே குளுக்கோஸ்தான். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்தும், அதோடு 71 கிராம் புரதமும் 28 கிராம் நார்ச்சத்தும் வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. வெட்டிய இடத்தை ஏதாவது ஒன்று நிரப்பியாக வேண்டும். பெரும்பாலும் நிரப்புவது வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பொரித்ததும்தான். நிறைகொழுப்பு கூடினால் இன்சுலினுக்கு உடல் இன்னும் மந்தமாகப் பதில் சொல்லும்.

அடுத்த வழி, அதே மாவுச்சத்தை மூன்று சாப்பாடு, இரண்டு மூன்று சிற்றுணவு என்று பிரிப்பது. வெள்ளை மாவுக்குப் பதில் முழுதானியம், பருப்பு, பயறு என்று ஆளை மாற்றுவது. தனியாக விடாமல் புரதமும் காய்கறியும் துணைக்கு வைப்பது. இதில் பொறுமை வேண்டும், அளக்க வேண்டும், எழுத வேண்டும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், மொத்தக் கலோரியில் 60 சதவீதம் சிக்கலான மாவுச்சத்து கொண்ட உணவையும், 40 சதவீதம் கொண்ட வழக்கமான உணவையும் கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்களுக்குத் தயார் செய்தே கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகளின் உடல் கொழுப்பில் வித்தியாசமில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் எனக்கு அது பெரிய ஆறுதல்: நல்ல மாவுச்சத்து எதிரி அல்ல.

பிரிப்பதன் அருமை காலையில்தான் புரிந்தது. என் நோட்டில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு முழுகோதுமை ரொட்டி இரண்டு துண்டு, ஒரு முட்டை: ஒரு மணி நேரத்தில் 158. அதே ரொட்டி, அதே முட்டை, மதியம்: 127. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் நாள் முழுக்க இன்சுலினை எதிர்க்கின்றன. விடிகாலையில் கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொள்வதால் காலையில் எதிர்ப்பு அதிகம். ரொட்டியை ஒரு துண்டாகக் குறைத்து, முட்டையை இரண்டாக்கி, மிச்சத் துண்டைப் பத்தரை மணிக்குத் தள்ளினேன். மொத்தத்தில் மாவுச்சத்து ஒரு கிராம்கூடக் குறையவில்லை, காலை அளவு 131-க்கு வந்துவிட்டது. பழச்சாறு மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

நடையிலும் இதே கேள்விதான். ஒரே மூச்சில் அரை மணி நேரமா, சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பத்து நிமிடமா? வாரம் 150 நிமிடம் என்ற கணக்குக்கு இரண்டுமே சரி. சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுதான் பிரச்சினை என்றால் நான் பத்து நிமிடத்துக்கே ஓட்டுப் போடுவேன். வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திராமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அது ரத்தத்தில் ஏறும் நேரத்தில் நடந்தால்தானே பலன். ரத்தக்கசிவு, கீழிறங்கிய நஞ்சுக்கொடி, குறைமாதப் பிரசவ அபாயம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சரி, வெறும் வயிற்று அளவுக்கு என்ன செய்வது? இங்கே இரண்டு வழியுமே தடுமாறும். இரவு முழுக்கக் கல்லீரல் விடுகிற சர்க்கரையைத் தட்டில் இருப்பதைக் கொண்டு ஓரளவுக்குத்தான் அடக்க முடியும். 95-க்குக் கீழே வர மறுத்தால் அது உங்கள் தப்பே இல்லை. 'சாப்பாட்டிலேயே சரிசெய்துவிடலாம், ஊசி மட்டும் வேண்டாம்' என்று வாரக்கணக்கில் இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனது பதறுகிறது. உணவும் நடையும் மட்டுமே போதும் என்ற நிலைதான் பெரும்பாலோருக்கு, உண்மை. ஆனால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு அதற்குக் கொடுக்கும் அவகாசமே ஒன்று இரண்டு வாரம்தான். தொடக்கத்திலேயே வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் அந்த அவகாசமும் இல்லை, உடனே இன்சுலின்தான்.

மெட்ஃபார்மின் மாத்திரையா, இன்சுலினா என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து மாறுகிறது. பிரிட்டன் மாத்திரையில் தொடங்கும்; அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இன்சுலினையே முதலில் சொல்லும். மாத்திரை விழுங்க எளிது, ஆனால் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். இன்சுலின் குறிப்பிடத்தக்க அளவில் தாண்டாது. 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மாத்திரையில் தொடங்கியவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கடைசியில் இன்சுலினும் தேவைப்பட்டது. எனக்கு 31-வது வாரத்தில் இரவு மட்டும் ஒரு ஊசி போட்டார்கள். பயந்த அளவுக்கு வலி இல்லை. விரலில் குத்துவதுதான் அதைவிட வலித்தது.

அப்புறம் ஒன்று. பிரசவம் ஆன 4 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் குளுக்கோஸை இன்னொரு முறை குடித்துப் பார்க்க வேண்டும். குழந்தை வந்த பரபரப்பில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நான் எட்டாவது வாரம் போனேன். இந்த முறை ஒரு கையை மட்டும்தான் நீட்ட முடிந்தது. இன்னொரு கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.