ரெட்ரோ கன்சோலுக்கு முன்பணம் கட்டுகிறீர்களா? வேகா பிளஸுக்கு நடந்ததைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

2016 தொடக்கத்தில் பிரிட்டனின் ரெட்ரோ கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம், 1980களின் ஸ்பெக்ட்ரம் கணினியின் கேம்களை ஆட உதவும் ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்காக (கேம் கருவிக்காக), மக்களிடம் முன்பணம் திரட்டும் இண்டிகோகோ தளத்தில் பணம் திரட்டியது. விலை சுமார் 100 பவுண்ட், உள்ளேயே 1,000 கேம்கள் என்றார்கள். ஸ்பெக்ட்ரம் கணினியைக் கொண்டுவந்த சர் கிளைவ் சின்க்ளேரின் ஆதரவு இருந்தது. முந்தைய மாடலான வேகாவும் வாங்கியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மக்கள் நம்பியதில் தவறே இல்லை. 5 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

சில வாரங்களில் இயக்குநர்கள் இருவர் விலகினார்கள். முதல் வேகாவின் மென்பொருளை உருவாக்கியவர் அவர்களில் ஒருவர். விஷயம் கெட்டது இங்கேதான். இந்த மாதிரிக் கருவிகளில் சிப்பும் திரையும் கடையில் கிடைக்கும். பழைய கணினியாக அதை இயங்கவைக்கும் ஃபர்ம்வேர்தான், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்தான் உயிர். அதை எழுதியவரும் நிறுவனமும் பிரிந்தால் வேலை பின்னோக்கிப் போகும்.

2018 ஜூலையில்தான் சிலருக்குக் கருவி வந்தது, அதிலும் சொன்ன 1,000 கேம்கள் இல்லை. ஸ்பெக்ட்ரம் பெயரின் உரிமை, சின்க்ளேரின் கணினிப் பெயர்களை வாங்கியிருந்த ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் வழியாக, ஸ்கை நிறுவனத்திடம் இருந்தது. அவர்களும் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். 2019-இல் நிறுவனமே மூடப்பட்டது. பெரும்பாலோருக்குப் பொருளும் வரவில்லை, பணமும் வரவில்லை. கடன் வசூலிப்பவர்களை அனுப்புவதாக இண்டிகோகோ அறிவித்தும் பலனில்லை.

எனவே ஃபர்ம்வேரை எழுதுவது யார், அதன் உரிமை யாரிடம், பெயருக்கான உரிமம் எதுவரை என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள்.

கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கொலிகோ கமீலியன் என்ற இன்னொரு ரெட்ரோ கன்சோல் விஷயத்தில் ஆட்களைக் காப்பாற்றியது அதுதான். கண்ணாடி போன்ற பெட்டிக்குள் தெரிந்த போர்டு, சிசிடிவி கேமராக் காட்சிகளைக் கணினியில் பதிவுசெய்யும் பழைய வீடியோ கேப்சர் கார்டு என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். கொலிகோ பெயரின் உரிமையாளர்கள் கருவியைப் பரிசோதிக்கக் கேட்டு, 2016 மார்ச்சில் ஒதுங்கிக்கொண்டார்கள். இண்டிகோகோ போன்ற கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டும் முன்பே எல்லாம் நின்றது.

சிப் எண்கள் படிக்கும்படி இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து போர்டைக் காட்டி, மூடி, கேட்ரிட்ஜ் (கேம் இருக்கும் சிறு பெட்டி) செருகி, டிவியில் கேம் ஓடுவது வரை வெட்டில்லாத ஒரே வீடியோவாகக் கேளுங்கள். கணினியில் வரைந்த படம் மட்டும் இருந்தால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

கிரெடிட் கார்டில் கட்டினால் சார்ஜ்பேக் (வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கலாம், ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. "இன்னும் இரண்டே மாதம்" என்ற அறிவிப்புகளிலேயே அது தீர்ந்துவிடும். டெலிவரி தேதி தவறியதுமே வங்கிக்கு எழுதுங்கள்.