கலர் ஏறும் என்றார், தண்ணீரில் இறங்கியது: 4,500 ரூபாய் போச்சு

ஃபின்ச் என்கிற சின்னக் கூண்டுக் குருவி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். எனக்கு ஆகி நான்கு நாள்தான், வயிறு இன்னும் எரிகிறது.

பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு செயலியில் பார்த்த விளம்பரம். கோல்டியன் ஃபின்ச், இரண்டு ஜோடி, 4,500 ரூபாய். படத்தில் ஊதா மார்பு, மஞ்சள் வயிறு, பச்சை முதுகு. கோல்டியன் அந்த விலைக்கு வராது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

நான் ஏமாந்து விழுந்தது விற்றவரின் பேச்சில். "அண்ணே, உங்க கூண்டு எவ்வளவு அகலம்? சின்னக் கூண்டுன்னா தரமாட்டேன்" என்றார். பறவைமேல் இவ்வளவு அக்கறை உள்ளவர் ஏமாற்றுவாரா? தினை போடுங்க, கணவாய் ஓடு தொங்கவிடுங்க என்று பொறுமையாகச் சொன்னார். கூடவே, "பத்து நாளைக்குக் குளிக்கத் தண்ணி வைக்காதீங்க, சளி பிடிச்சுக்கும்." அதையும் நோட்டில் எழுதி வைத்தேன், முட்டாள்! ஜிபேயில் 4,500 முழுசாகப் போட்டேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆம்னி பஸ்ஸில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே வெளிர்பச்சையாக நான்கு குருவிகள். போன் செய்தால், "இளசுண்ணே, மூணு மாசத்துல கலர் ஏறும்." கோல்டியன் குஞ்சுகள் மங்கலாகத்தான் இருக்கும் என்று படித்திருந்ததால் நம்பினேன்.

மறுநாள் மகள் பாவப்பட்டு சாஸரில் தண்ணீர் வைத்துவிட்டாள். நான்கும் போட்டி போட்டுக் குளித்தன. தண்ணீர் பச்சையானது. குருவிகள் பழுப்பாகின, மார்பில் செதில் செதிலாகப் புள்ளி. சோழவந்தானில் வயல் வைத்திருக்கும் மாமனார் எட்டிப் பார்த்து, "இது நம்ம நெல்லுக்குருவில்ல, மாப்பிள்ளை?" என்றார். புள்ளிச் சில்லை. வயலில் வலை போட்டுப் பிடித்துச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். ஆள் நிழல் பட்டாலே கம்பியில் மோதிக்கொண்டது அதனால்தான். அன்று இரவே ஒன்று உப்பி உட்கார்ந்தது, காலையில் செத்துக் கிடந்தது.

விற்றவர் முதலில் "இறகு உதிருதுண்ணே" என்றார். அப்புறம் "தண்ணி ஒத்துக்கல". அப்புறம் பிளாக். செயலியில் புகார் கொடுத்தால், வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை என்று ஒரே பதில், மூன்று தடவை. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் சொல்லியிருக்கிறேன். 4,500 ரூபாய் திரும்புமா, பார்ப்போம்.

இதில் இன்னொரு வம்பு: நம் ஊர்ச் சில்லைகளை விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காசும் கொடுத்து குற்றவாளியும் ஆகியிருக்கிறேன்.

வாங்குவோருக்கு நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. நேரில் பார்க்காமல் பணம் போடாதீர்கள். கண் முன்னால் குளிக்க விடச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். முதல் தடவை என்றால் ஜீப்ரா ஃபின்ச் போதும், சாதாரண சாம்பல் நிறத்தில் கன்னம் ஆரஞ்சாக இருப்பது ஆண்.

மீதி மூன்றையும் நாளை வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறேன். அந்தப் பச்சைத் தண்ணீர் சாஸரை இன்னும் கொட்டவில்லை. ஆதாரம் கேட்டால்?