"குளிர் கோதுமை" என்று விதை விற்க வந்தால் வாங்காதீங்க

ராகலைப் பக்கம் மாடு வைத்திருக்கிறவங்க இதைக் கட்டாயம் வாசிங்க.

போன செப்டம்பர் கடைசியில் ஒருவர் வேனில் எங்கள் லயத்துக்கு வந்தார். "இது குளிர் கோதுமைங்க, உங்க ஊர்க் குளிருக்கே ஏத்தது. ரெண்டு தரம் மாட்டுக்கு அறுங்க, பிறகு விட்டுட்டா கதிர் வரும், ரொட்டிக்கு மாவு வீட்டிலேயே" என்றார். கோதுமை மாவு விற்கிற விலையில் யாருக்கு ஆசை வராது? 25 கிலோ மூட்டை 12,500 ரூபாய். 40 பேர்ச்சில், அதாவது கால் ஏக்கரில், செழிப்பாக நின்ற சீஓ-3 தீவனப் புல்லைக் கிளறி எடுத்துவிட்டு விதைத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

முளைப்பு நல்லாத்தான் இருந்தது. நவம்பரில் ஒரு அறுப்பு, டிசம்பர் கடைசியில் இன்னொன்று. பிறகு கதிருக்காக விட்டோம். மார்ச் முடிந்தும் தரையோடு புல்லாகவே கிடந்தது. ஒரு கதிர் இல்லை. அவருடைய போனும் வேலை செய்யவில்லை.

விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. குளிர்காலக் கோதுமை, குளிரைத் தாங்குகிற கோதுமை மட்டுமில்லை. பல வாரம் விடாமல் கடுங்குளிர் பட்டால்தான் அது கதிர் வைக்கும். இங்கே ஜனவரியில் சில இரவு உறைபனி விழும், விடிந்தால் வெயில். அது போதாது. அமெரிக்காவில் ஒக்லஹோமா, கன்சாஸ் பக்கம் இதே பயிரில் மாட்டை மேயவிட்டுத் தானியமும் எடுக்கிறார்கள். அங்கேயும் அடித்தண்டைக் கீறிப் பார்த்து, உள்ளே குழல் விழத் தொடங்கினதும் மாட்டை வெளியேற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு இளங்கதிர் தண்டுக்குள் மேலே ஏறிவிடும். அறுத்தால் கதிரும் சேர்ந்து போகும். குளிர் கேட்காத கோதுமை வேறு இருக்கிறது. ஆனால் அது சீக்கிரமே தண்டு விடும், தீவனத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். விற்றவர் இதில் ஒரு வார்த்தைகூட வாய் திறக்கவில்லை.

அளவிலும் ஏமாற்று. ஹெக்டேயருக்கு 100 கிலோ கணக்கில் எனக்கு 10 கிலோ போதும். மூட்டையில் இனத்தின் பெயரோ, முளைதிறனோ, சோதித்த திகதியோ எதுவுமே இல்லை. 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். லேபிள் இல்லாத விதைக்குக் காசு கொடுக்காதீங்க. இருக்கிற புல்லை ஒரேயடியாகக் கிளறவும் வேண்டாம். நான் இப்போது மறுபடி சீஓ-3 தண்டு நட்டிருக்கிறேன். அது தழைக்கும் வரை என் மனைவி தினமும் ஆற்றோரம் போய்ப் புல் சுமக்கிறாள். பால் பாதியாகிவிட்டது.

இன்னொன்று, இதுதான் ரொம்ப முக்கியம். விதை மிஞ்சினால் மாட்டுக்கு ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார் அந்த ஆள். விதையெல்லாம் ரோஸ் நிறம். அது பூஞ்சண மருந்து பூசிய விதையாம். நல்ல வேளை, மனைவி தடுத்துவிட்டாள். யார் வீட்டிலாவது அந்த மூட்டை இருந்தால் மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீங்க.