டாரன்டுலாவுக்குத் தண்ணீர் புகட்ட 1 மி.லி. சிரிஞ்ச்

கால்கள் உடலுக்கடியில் சுருண்டு, சோர்ந்து கிடக்கும் டாரன்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்திக்குத் தண்ணீர் புகட்ட, ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சைவிட நம்பகமான கருவி எனக்குக் கிடைத்ததில்லை. சிலந்தியின் கால்களை மடக்கத் தசைகள் உண்டு. முக்கிய மூட்டுகளை நீட்டவோ உடல் திரவத்தின் அழுத்தம் வேண்டும் என்பதால், நீர் வற்றும்போது கால்கள் தாமாகவே உள்நோக்கிச் சுருண்டுவிடுகின்றன.

உந்துதண்டை மெல்ல அழுத்தினால் நுனியில் ஒரே ஒரு துளி திரண்டு நிற்கும். அதை நச்சுப் பற்களுக்குப் பின்னாலுள்ள வாயருகே கொண்டுபோனால், குடிக்கத் தெம்புள்ள சிலந்தியிடம் அத்துளி சிறுகச் சிறுகக் குறைவதைக் கண்ணாலேயே காணலாம். ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழாயில் இந்த நிதானம் வராது. தண்ணீர் கொட்டி, வயிற்றின் அடியிலுள்ள புத்தக நுரையீரல்கள் (தாள்கள் போல் அடுக்கிய சுவாச உறுப்புகள்) நனைந்துவிடும் அபாயம் உண்டு.

குறை ஒன்றுதான்: நாள்பட்ட சிரிஞ்சில் உந்துதண்டு இறுகி, சட்டென்று நழுவித் தண்ணீரைப் பீச்சிவிடுகிறது. ஆகவே புதிதாக ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. மல்லாந்து கிடக்கும் சிலந்தி பெரும்பாலும் தோலுரித்துக்கொண்டிருக்கும். அப்போது சிரிஞ்சைக் கையிலேயே எடுக்கக் கூடாது. முதிர்ந்த ஆண் சிலந்தி ஆயுள் முடிந்து தளரும்போது, பாவம், இதுவும் உதவாது.