கொரெகிடோரில் எது உழைத்தது: நெட்டைப் பீரங்கியா, குட்டை மோர்ட்டாரா?

பிலிப்பைன்ஸில், மணிலா விரிகுடாவின் வாயை அடைத்தாற்போல் கிடக்கிறது கொரெகிடோர் தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் அங்கே கோட்டை கட்டியபோது அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. பகைவர் போர்க்கப்பலில் வருவார்கள், மேற்கே கடல் பக்கமிருந்து வருவார்கள், விரிகுடாவுக்குள் நுழையும் முன் அவர்களை மூழ்கடிக்க வேண்டும். 12 அங்குல விட்டமுள்ள பீரங்கிக் குழாய்களை மூன்று விதமாக நிறுத்தினார்கள். 1942-இல் ஜப்பானியர் வந்தது போர்க்கப்பலில் அல்ல, வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் பட்டான் தீபகற்பத்தின் வழியாகத் தரைமார்க்கமாக. அதனால் இங்கே எடைபோடப் போவது, தயாரித்த தேர்வு ஒன்று, வந்த கேள்வித்தாள் வேறொன்று என்ற நிலையில் எந்த ஆயுதம் தேறியது என்பதை.

முதல் வகை, ஒளியும் பீரங்கி. க்ராக்கெட், செனி, வீலர் என்று மூன்று தளங்கள், தளத்துக்கு இரண்டு குழாய்கள். சுட்ட வேகத்திலேயே பின்வாங்கி மதிலுக்குக் கீழே இறங்கிவிடும். கீழே வைத்துக் குழாயில் குண்டை நிரப்புவார்கள், எதிர்எடை அதை மறுபடி மேலே தூக்கும். பார்க்க அத்தனை அழகான பொறியமைப்பு. எட்டும் தூரம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஆனால் மதில் இருப்பது கடலைப் பார்த்து. முதுகுப்பக்கமிருந்தும் தலைக்கு மேலிருந்தும் குண்டு விழுந்தால் ஒளிந்து என்ன பயன்? இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, ஹெர்ன், ஸ்மித் தளங்கள். முதல் உலகப்போர் முடியும் காலத்தில் வந்தவை, தளத்துக்கு ஒரே ஒரு நீண்ட பீரங்கி. முழுவட்டமாகத் திரும்பும், 27 கிலோமீட்டர் எட்டும். காகிதத்தில் இதற்கு இணை இல்லை. குறை இரண்டு. வெட்டவெளியில் சிமென்ட் வட்டத்தின் நடுவே நின்றதால் விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கு அதுவே குறிவட்டம். அடுத்து, தாழ்வாகவும் வேகமாகவும் பறக்கும் குண்டு மலையைத் தாண்டி அதன் பின்சரிவில் இறங்காது. பட்டானில் ஜப்பானியர் தம் பீரங்கிகளை மேடுகளுக்குப் பின்னால்தான் மறைத்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவதுதான் மோர்ட்டார். வே தளத்தில் நான்கு, கியரி தளத்தில் எட்டு, இரண்டுமே 1910 வாக்கில் கட்டி முடிந்தவை. குழாய் விட்டம் அதே 12 அங்குலம்; நீளமோ ஒளியும் பீரங்கியில் மூன்றில் ஒரு பங்குதான். 45 பாகைக்குக் குறைந்து சுடாது, அண்ணாந்து பார்த்தபடியே இருக்கும். தூரத்தைக் கூட்டக் குறைக்கக் கோணத்தோடு வெடிமருந்தின் அளவையும் மாற்றுவார்கள். 13 கிலோமீட்டருக்கு மேல் போவது கடினம். போர்க்கப்பலின் பக்கக் கவசம் தடிமனானது, மேல்தளமோ மெல்லியது. அதன்மேல் செங்குத்தாக விழுவதே யோசனை. தனிக் குண்டு குறி தவறும் என்பதால் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ஆபட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பதினாறு மோர்ட்டார்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் சுடும் அமைப்பை வகுத்தார். கொரெகிடோர் கட்டப்படும்போதே அந்தக் கூட்டம் குறைந்துவிட்டது. 1922-இன் வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் பசிபிக் கோட்டைகளைப் பலப்படுத்தக் கூடாது என்றதால் குழிகளுக்கு மேல் எதுவும் கட்டவும் வழியில்லாமல் போனது.

இந்தக் கிழட்டு ஆயுதம்தான் முதலில் கணக்கைத் தொடங்கியது. 1942 ஜனவரி கடைசியில் பட்டானின் மேற்குக் கரையில், லொங்கோஸ்கவாயன் முனையில் ஜப்பானியப் படை இறங்கிக் காட்டுக்குள் ஒட்டிக்கொண்டது. கியரியின் மோர்ட்டார்கள் 300 கிலோ குண்டுகளை அங்கே இறக்கின. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்நாட்டின் கனரகக் கடலோரப் பீரங்கி எதிரியின் மேல் சுட்டது அதுவே முதல் முறை. எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை, வானத்திலிருந்து விழுவதுபோல் இருந்தது என்று பிடிபட்ட ஜப்பானிய வீரர் ஒருவர் பிறகு சொன்னார்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தரை இலக்குக்கான குண்டுகள் கையிருப்பில் கொஞ்சமே. மற்றவை கப்பல் கவசத்தைத் துளைக்கச் செய்தவை. மண்ணில் விழுந்தால் புதைந்த பிறகே வெடிக்கும். சிங்கப்பூரில் பிரிட்டிஷார் நிறுத்தியிருந்த 15 அங்குலப் பீரங்கிகளுக்கும் இதே வியாதி. அவை தவறான திசையைப் பார்த்து நின்றன என்ற கதை இன்றும் ஓடுகிறது. உண்மையில் சில திரும்பின, சுட்டன, குண்டுதான் வேலைக்கு ஆகவில்லை.

ஏப்ரல் 9-இல் பட்டான் விழுந்தது. ஜப்பானியர் அங்கே கொண்டுவந்து நிறுத்திய 240 மில்லிமீட்டர் ஹோவிட்சர்களும் மோர்ட்டாரைப் போலவே உயரச் சுடுபவை. கப்பலின் மேல்தளத்துக்கு மோர்ட்டார் என்ன செய்ய வேண்டுமென்று திட்டமிட்டிருந்தார்களோ, அதை அவை மோர்ட்டாருக்கே செய்தன. மே 2 அன்று ஒரு குண்டு கியரியின் வெடிமருந்துக் கிடங்கைத் துளைத்தது. பதின்மூன்று டன் மோர்ட்டார் ஒன்று ஏறக்குறைய 140 மீட்டர் பறந்து கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது.

பக்கத்திலேயே எதிர்உதாரணம் ஒன்று இருந்தது. எல் ஃப்ரைலே பாறையைச் செதுக்கிக் கான்கிரீட் கப்பலாகவே மாற்றிய ட்ரம் கோட்டை: சுமார் 6 மீட்டர் தடிமனுள்ள கூரை, கவசக் கூண்டுகளில் நான்கு 14 அங்குலப் பீரங்கிகள். சரணடையும் நாள்வரை அது சுட்டுக்கொண்டிருந்தது. பாதுகாப்பு மட்டும் போதுமென்றால் போட்டியே இல்லை. ஆனால் அண்ணாந்து சுடும் மோர்ட்டார் குழிக்கு அப்படிக் கூரை போட முடியாது. அதன் பலம் எதுவோ அதுவே அதன் ஓட்டை.

அப்படியும் நான் முதலிடம் தருவது வே தளத்துக்கே. பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த அதை, பட்டான் விழுந்தபின் அங்கிருந்து தப்பி வந்த விமான எதிர்ப்புப் படையினர் செப்பனிட்டு எடுத்தார்கள். மே 5 இரவு ஜப்பானியர் தீவில் இறங்கியபோது மேஜர் வில்லியம் மசெல்லோவின் ஆட்கள் சுட்டார்கள். அவரும் காயப்பட்டார். மிஞ்சிய ஒரே மோர்ட்டார், மே 6 முற்பகலில் குண்டு நிரப்பும் அதன் பின்கதவு இறுகிப்போகும்வரை ஓயவில்லை. அன்றே கோட்டை சரணடைந்தது.

வெற்றி பெற்ற ஜப்பானியர் கை உயர்த்திக் கூவும் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. அதில் அவர்கள் ஏறி நிற்பது ஹெர்னின் நெட்டைக் குழாயின்மேல்.